ஒரே கியரில் நிற்கும் ஆட்டோமேட்டிக் கார்: கடலூர், புதுச்சேரி கார்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2014-இல் மாருதி சுசூகியின் செலேரியோ ஏஎம்டி (தானாகக் கிளட்சும் கியரும் மாற்றிக்கொள்ளும்) வசதியோடு வந்த பிறகு, கிளட்ச் மிதிக்காமல் ஓட்டும் கார் நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டிவிட்டது. மஞ்சக்குப்பத்திலும் முதலியார்பேட்டையிலும் இன்று தெருவுக்கு இரண்டு மூன்று ஆட்டோமேட்டிக் கார்கள் நிற்கின்றன. ஆனால் ஒருநாள் கியர் மாறாமல் போனால், "பாக்ஸ் போச்சு, லட்ச ரூபாய் செலவு" என்கிற பேச்சுதான் முதலில் எழுகிறது. பட்டறைக்கு வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

டி-யில் போட்டும் வண்டி ஒரே கியரில்தான் ஓடுகிறது. கியர்பாக்ஸ் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக்கில், எந்த நேரத்தில் எந்தக் கியர் என்று முடிவு செய்வது ஒரு சிறு கணினி. ஆக்சிலரேட்டர் எவ்வளவு அழுத்தப்பட்டிருக்கிறது, கியர்பாக்ஸுக்குள் நுழையும் தண்டும் வெளியேறும் தண்டும் என்ன வேகத்தில் சுழல்கின்றன, ஆயில் எவ்வளவு சூடு, லீவர் எங்கே இருக்கிறது என்று இடைவிடாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். பிறகு சோலனாய்டு எனப்படும் மின்வால்வுகளை இயக்கி, வயலில் மடை திறந்து நீரைத் திருப்புவதுபோல் ஆயில் அழுத்தத்தை, பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்சுகளில் வேண்டியதற்குத் திருப்பிவிடும்.

இந்தத் தகவல்களில் ஏதாவது ஒன்று வராமல் போனாலோ, வந்தது நம்பும்படி இல்லையென்றாலோ, கணினி ஊகித்து ஓட்டாது. சோலனாய்டுகளுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திவிடும். மின்சாரம் நின்றதும் வால்வுகள் ஸ்பிரிங்கின் தள்ளலில் ஒரு நிலைக்குப் போய் நிற்கும். அந்த நிலையில் எந்தக் கியர் விழவேண்டும் என்பது வடிவமைப்பின்போதே தீர்மானிக்கப்பட்டது. பல வண்டிகளில் அது மூன்றாவது கியர், சிலவற்றில் இரண்டாவது, இன்னும் சிலவற்றில் அதற்கும் மேலே. ரிவர்ஸ் மட்டும் வழக்கம்போல் வேலை செய்யும். இதைத்தான் லிம்ப் மோடு என்கிறார்கள். வீடோ பட்டறையோ போய்ச் சேருவதற்காக வண்டி தானே எடுத்துக்கொள்ளும் பாதுகாப்பு நிலை இது.

ஆகவே தேடும் வரிசை முதலில் மின்சாரம், அடுத்து ஆயில், கடைசியில்தான் இரும்பு. இந்த வரிசையைத் தலைகீழாக்கி முதல் நாளே கியர்பாக்ஸை இறக்கும் பட்டறைகள் உண்டு. அங்கே வண்டியை விடாதீர்கள்.

லீவரே பி-யிலிருந்து நகரவில்லை. அதுவும் இதே பழுதா?

இது வேறு பழுது, இதைவிடச் சிறியது. பிரேக்கை மிதித்தால்தான் பி-யிலிருந்து லீவர் விடுபடும்படி ஒரு பூட்டு இருக்கிறது. பிரேக் மிதிக்கப்பட்டதா என்பதை பெடலுக்கு மேலே உள்ள சுவிட்ச் சொல்லும். அந்த சுவிட்சோ அதற்கான ஃபியூஸோ போனால் பூட்டு திறக்காது. யாரையாவது பின்னால் நிற்கச் சொல்லி பிரேக்கை மிதியுங்கள். பிரேக் விளக்கு எரியவில்லையென்றால் பழுது எங்கே என்று தெரிந்துவிட்டது.

பல கார்களில் லீவருக்குப் பக்கத்தில் சிறு மூடி ஒன்று இருக்கும். கைபிரேக்கைப் போட்டு, பிரேக்கை மிதித்தபடி, அதை நெம்பித் திறந்து உள்ளே சாவியாலோ சிறு ஸ்குரூ டிரைவராலோ அழுத்தினால் லீவர் நகரும். உங்கள் வண்டியில் அது எங்கே என்பது கையேட்டில் இருக்கும்.

எந்தக் கியரில் மாட்டியிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆர்பிஎம் முள்ளையும் வேகமானியையும் சேர்த்துப் பாருங்கள். ஆறு கியர் உள்ள சாதாரணப் பெட்ரோல் கார் ஒன்றில், எஞ்சின் 2,000 சுழற்சியில் இருக்கும்போது முதல் கியரில் வேகம் ஏறக்குறைய 15 கிலோமீட்டர், இரண்டாவதில் 25, மூன்றாவதில் 40, நான்காவதில் 55 என்று இருக்கும். வண்டிக்கு வண்டி சற்று முன்பின் ஆகும். என்றாலும் எந்தக் கியர் என்று சொல்ல இது போதும்.

இதைத் தெரிந்துகொள்வதில் ஒரு லாபம் இருக்கிறது. மூன்றாவதில் புறப்பட்டு மூன்றாவதிலேயே சீராக ஓடினால், அது பெரும்பாலும் லிம்ப் மோடு, கணினியின் முடிவு. முதல் கியரில் புறப்பட்டு, 40 கிலோமீட்டரில் எஞ்சின் 5,000 சுழற்சியைத் தாண்டி அலறியும் இரண்டாவதுக்குப் போகாமல் நின்றால், கணினி கேட்டும் கியர்பாக்ஸ் கொடுக்கவில்லை என்று சந்தேகிக்கலாம். சிக்கிய வால்வோ, செயலிழந்த சோலனாய்டோ, தேய்ந்த கிளட்சோ காரணமாக இருக்கலாம். வேகத்தைச் சொல்லும் சென்சார் "வண்டி நிற்கிறது" என்றே சொல்லிக்கொண்டிருந்தாலும் இப்படி ஆகும். அப்போது வேகமானியும் சேர்ந்து படுத்துவிடுவது உண்டு. முள் அசையவில்லையா என்பதை மெக்கானிக்கிடம் மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை அரை நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

பட்டறைக்குப் போகும் முன் நானே பார்க்கக்கூடியது என்ன?

முதலில் லீவர். சிரிக்காதீர்கள். டி-க்குப் பக்கத்தில் எம் என்றோ எஸ் என்றோ கையால் கியர் மாற்றும் பாதை இருக்கும். கைப்பை இடித்தோ, குழந்தை கை பட்டோ லீவர் அங்கே போயிருக்கும். வண்டி நீங்கள் மாற்றச் சொல்வீர்கள் என்று காத்துக்கொண்டே போகும். எல் என்ற நிலையும் அப்படித்தான். சில கார்களில் வழுக்கும் சாலைக்கான பொத்தான் ஒன்று உண்டு. அதை அழுத்தினால் இரண்டாவது கியரில்தான் புறப்படும். பனியே விழாத நம் ஊரில் அது எதற்கு என்று தெரியாமல் அழுத்தி வைத்திருப்பவர்கள் நிறைய.

அடுத்து டாஷ்போர்டு. லீவர் டி-யில் இருக்கும்போது திரையிலும் டி காட்டுகிறதா? லீவர் ஓரிடமும் திரை வேறிடமும் சொன்னால், அல்லது எதையும் காட்டாமல் கோடு மட்டும் தெரிந்தால், லீவர் நிலையைச் சொல்லும் சுவிட்ச் சந்தேகத்துக்குரியது. பி-யில் ஸ்டார்ட் ஆகாமல் என்-னில் மட்டும் ஆவதும், ரிவர்ஸ் விளக்கு எரியாததும் அதே பழுதின் அடையாளங்கள். ஏபிஎஸ் விளக்கு சேர்ந்து எரிகிறதா என்றும் பாருங்கள். பல கார்களில் சக்கரத்தின் வேகத்தை ஏபிஎஸ் சென்சார்களிடமிருந்துதான் கியர்பாக்ஸும் கேட்டு வாங்குகிறது.

பிறகு பேட்டரி. இதற்குத் தனியே ஒரு பதில் வேண்டும்.

பேட்டரிக்கும் கியருக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. கியர்பாக்ஸ் கணினிக்கும் சோலனாய்டுகளுக்கும் சீரான மின்னழுத்தம் வேண்டும். அது குறைந்தால் கணினி பாதுகாப்பு நிலைக்குப் போய்விடும். இரவு முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யும் முன், பேட்டரி முனைகளில் மல்ட்டிமீட்டர் 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். 12.2-க்குக் கீழே போனால் பாதிதான் சார்ஜ் இருக்கிறது. ஸ்டார்ட் செய்யும் கணத்தில் 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி சோர்ந்துவிட்டது. எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வரை இருக்கும். இல்லையென்றால் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள்.

சோலனாய்டு மாற்றச் சொல்லி வந்த வண்டி புதுப் பேட்டரியோடு திரும்பிப் போவது பட்டறையில் சாதாரணம். மீட்டர் வைக்க இரண்டு நிமிடம் போதும். அதைச் செய்யாமல் பெரிய பேச்சு பேசுபவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

எஞ்சினை அணைத்துவிட்டுப் போட்டால் சரியாகிவிடுகிறது. கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் அதே கதை. ஏன்?

அணைத்துப் போட்டதும் கணினி புதிதாகச் சோதிக்கத் தொடங்குகிறது. பழுது அந்த நேரம் இல்லையென்றால் எல்லாக் கியரும் விழும். பழுது தலைகாட்டியதும் மறுபடியும் பாதுகாப்பு நிலை. வந்து வந்து போகும் இந்தக் குணமே நல்ல தகவல். கிளட்ச் தேய்ந்த பாக்ஸ் அணைத்துப் போட்டதும் புதிதாக ஆகிவிடாது. ஆகவே காரணம் மின்பக்கம் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

எப்போது வருகிறது என்று கவனியுங்கள். காலையில் நன்றாக ஓடி, மரப்பாலம் நெரிசலில் ஊர்ந்து சூடேறியபின் வந்தால், சூட்டில் அறுபடும் சோலனாய்டு சுருளோ சென்சாரோ காரணமாக இருக்கலாம். ஆயில் குறைவும் அப்படித்தான் காட்டும். பள்ளத்தில் குலுங்கியதும் வந்தால் கப்ளரோ (வயர்களை இணைக்கும் செருகி) வயரோ தளர்ந்திருக்கிறது. மழை பெய்த மறுநாள் மட்டும் வந்தால் எங்கோ ஈரம் புகுகிறது. "திடீரென்று வருகிறது" என்று மட்டும் சொல்லாமல் இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

ஸ்கேனர் போட்டால் பழுது தெரிந்துவிடுமா?

பாதி தெரியும். ஸ்டியரிங்குக்குக் கீழே, டாஷ்போர்டின் அடியில் 16 பின் கொண்ட ஒரு துளை இருக்கும். அதில் ஸ்கேனரைச் செருகினால் கணினி எழுதி வைத்திருக்கும் பழுது எண்களைப் படிக்கலாம். கைபேசியோடு இணையும் சிறு கருவிகள் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் பல எஞ்சின் கணினியோடு மட்டுமே பேசும். "பி0700" என்று காட்டிவிட்டு நின்றுவிடும். அதற்குப் பொருள், "கியர்பாக்ஸ் கணினியில் ஏதோ பதிவாகியிருக்கிறது, அங்கே போய்க் கேள்" என்பது மட்டுமே. பி0700 பார்த்து பாகம் வாங்கியவர்கள் பணத்தைத் தண்ணீரில் போட்டவர்கள். உங்கள் கார் நிறுவனத்தின் கியர்பாக்ஸ் கணினிக்குள் நுழையத் தெரிந்த ஸ்கேனர் வேண்டும்.

உள்ளே கிடைக்கும் எண்கள்தான் வழி காட்டும். பி0705 என்றால் லீவர் நிலை சுவிட்சின் சுற்று. பி0715 உள்நுழையும் தண்டின் வேக சென்சார், பி0720 வெளியேறும் தண்டின் வேக சென்சார். பி0750, பி0755, பி0760 போன்றவை ஒவ்வொரு ஷிப்ட் சோலனாய்டையும் குறிக்கும். பி0740 டார்க் கன்வர்ட்டரின் பூட்டுக் கிளட்ச். பி0562 மின்னழுத்தம் குறைவு. யு0101 என்று வந்தால் மற்றக் கணினிகளால் கியர்பாக்ஸ் கணினியோடு பேச முடியவில்லை. ஃபியூஸ், எர்த், வயர் என்று தொடங்கவேண்டும்.

கவலைப்பட வேண்டிய எண் பி0730. கணினி ஒரு கியரைக் கேட்டது, தண்டுகளின் வேகத்தைக் கணக்கிட்டால் அந்தக் கியர் விழவில்லை என்று பொருள். இங்கேதான் ஆயில் குறைவு, அழுத்தக் குறைவு, தேய்மானம் ஆகியவை வரிசையில் வருகின்றன.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். எண் ஒரு சுற்றைக் காட்டும், பாகத்தைக் காட்டாது. பி0750 வந்ததும் சோலனாய்டு வாங்கக் கூடாது. சோலனாய்டு, அதன் வயர், கப்ளர், கணினி நான்கும் அந்தச் சுற்றில் அடக்கம். இன்னொன்று: எண்களை எழுதிக்கொள்ளாமல், புகைப்படம் எடுக்காமல் அழிக்க விடாதீர்கள். பழுது வந்த கணத்தில் வேகம், சூடு, எஞ்சின் சுழற்சி என்னவாக இருந்தன என்ற பதிவும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். அழித்தால் அதுவும் போகும்.

நம் கடற்கரை ஊர்களில் இந்தப் பழுது அதிகமாக வருவதற்குத் தனிக் காரணம் உண்டா?

உப்பு. தேவனாம்பட்டினத்திலோ புதுச்சேரிக் கடற்கரைச் சாலைக்கு அருகிலோ இரவு முழுக்கத் திறந்தவெளியில் நிற்கும் வண்டியின் பானட்டைத் திறந்து பாருங்கள். எர்த் வயர் உடலோடு சேரும் போல்ட்டில் பழுப்பும், கப்ளர் பின்களில் பச்சையும் படிந்திருக்கும். அந்தப் பச்சை செம்பு அரிக்கப்படுவதன் நிறம். சென்சாரிலிருந்து வரும் சிறு மின்குறிக்கு அந்த மெல்லிய படலமே பெரிய தடை.

எர்த் சரியா என்று பார்க்கக் கண்ணை நம்பாதீர்கள். எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட், ஏசி இரண்டையும் போட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையைக் கியர்பாக்ஸ் உடலிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரைக் கழற்றி, முனையைத் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். கப்ளர்களுக்குக் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரை அடித்து, காயவிட்டு, "டக்" என்று சத்தம் வரும்வரை செருகுங்கள். பெட்ரோலில் நனைத்த துணியால் துடைப்பது, பின்னை உப்புத்தாளால் சுரண்டுவது இரண்டும் கூடாது.

இரண்டாவது காரணம் எலி. நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பக்கம் வயலையும் தோப்பையும் ஒட்டிய வீடுகளில் இதைச் சொல்லவே வேண்டியதில்லை. சூடான எஞ்சின் அறையில் வந்து படுத்து, வயரின் மேலுறையைக் கடிக்கும். முழுவதும் அறுந்தால் உடனே தெரியும். பாதி கடித்த வயர்தான் ஆளைக் கொல்லும். குலுங்கும்போது மட்டும் அறுபடும். கியர்பாக்ஸ் மேல் போகும் வயர்க்கட்டைக் கையால் தடவிப் பாருங்கள். கறுப்பு டேப் சுற்றிய பழைய ஒட்டு ஏதாவது தட்டுப்பட்டால் அங்கே நின்று பாருங்கள்.

மூன்றாவது, நாமே வாங்கி வந்த வினை. கூடுதல் விளக்கு, பெரிய ஹாரன், மியூசிக் சிஸ்டம், ஜிபிஎஸ் கருவி என்று எதையோ பொருத்தியவர், மின்சாரம் எங்கே கிடைத்ததோ அங்கே வயரைச் சுரண்டி இழுத்திருப்பார். அண்மையில் எதையாவது பொருத்தினீர்களா என்று கேட்பது பட்டறையின் முதல் கேள்வியாக இருக்கவேண்டும்.

வெள்ளத்தில் நின்ற வண்டி. தண்ணீர் வடிந்ததும் ஓடியது, பத்து நாள் கழித்து ஒரே கியரில் மாட்டிக்கொண்டது. எப்படி?

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடந்தபோதும், 2015 வெள்ளத்திலும், 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் கரையேறியதற்குப் பின் தென்பெண்ணை ஊருக்குள் வந்தபோதும், நம் பகுதியில் தண்ணீரில் நின்ற வண்டிகள் ஏராளம். புதுச்சேரியில் ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர்ப் பக்கம் இதற்குப் புயல்கூட வேண்டாம், ஒருநாள் கனமழை போதும்.

கியர்பாக்ஸின் மேல்பகுதியில் காற்றுப்போக ஒரு சிறு குழாய் இருக்கிறது. ஓடிச் சூடான பாக்ஸ் குளிர்ந்த நீரில் மூழ்கினால், உள்ளே உள்ள காற்று சுருங்கும். அந்தக் குழாய் வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆயிலோடு தண்ணீர் கலந்தால் கிளட்ச் தகடுகளின் உராய்வுப் பூச்சு ஊறி உரிய ஆரம்பிக்கும். அதற்குச் சில நாட்கள் ஆகும். வயர்க்கட்டுக்குள் நின்ற நீர் பின்களை அரிக்கவும் நாட்கள் ஆகும். பத்து நாள் கணக்கு அதனால்தான்.

சக்கரத்தின் நடுப்பகுதிக்கு மேல் தண்ணீர் ஏறிய வண்டியை ஸ்டார்ட் செய்யாமல், முதலில் எஞ்சின் ஆயில், கியர் ஆயில் இரண்டையும் பார்க்கவேண்டும். கியர் ஆயில் ஸ்ட்ராபெரி மில்க் ஷேக் நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. வெள்ளத்தைப் பார்க்காத வண்டியில் அந்த நிறம் வந்தால், ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் ஆயில் குளிர்விக்கும் பகுதி ஓட்டையாகி, கூலன்ட் கலந்திருக்கிறது. இரண்டிலும் வண்டியை நகர்த்தாமல் தூக்கிச் செல்வதே நல்லது.

கியர் ஆயிலை நானே பார்க்கலாமா?

டிப் ஸ்டிக் இருந்தால் பார்க்கலாம். சமதளத்தில் நிறுத்தி, வண்டி ஓடிச் சூடான பிறகு, பெரும்பாலான கார்களில் எஞ்சின் ஓடும்போதே பி-யில் வைத்துப் பார்க்கவேண்டும். ஹோண்டா போன்ற சிலவற்றில் எஞ்சினை அணைத்த ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் பார்க்கவேண்டும். கையேட்டைப் பாருங்கள். இன்றைய கார்கள் பலவற்றில் டிப் ஸ்டிக்கே கிடையாது. குறிப்பிட்ட சூட்டில், அடியிலிருக்கும் திருகைத் திறந்து, வழிகிறதா என்று பார்த்தே அளவைச் சொல்ல முடியும். அது வண்டியைத் தூக்கும் லிஃப்ட் உள்ள பட்டறையின் வேலை.

நிறமும் மணமும் அளவைவிட அதிகம் பேசும். புது ஆயில் பெரும்பாலும் சிவப்பு. பழுப்பேறுவது வயதின் அடையாளம், பதற வேண்டாம். கறுத்து, கருகிய வாடை வீசினால் கிளட்ச் எரிந்திருக்கிறது. அடித்தட்டைக் கழற்றினால் காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு இருப்பது இயல்பு. விரலில் உறுத்தும் பளபளப்பான உலோகத் துண்டுகள் இருந்தால் அது இரும்பின் பழுது.

எந்த ஆயில் என்பதில் சமரசம் வேண்டாம். கியருக்குப் பதில் புல்லியும் பட்டையும் உள்ள சிவிடி வண்டிக்குத் தனி ஆயில், இரட்டைக் கிளட்ச் வண்டிக்குத் தனி ஆயில். "எல்லாம் ஒன்றுதான் சார்" என்று டின்னைக் காட்டுபவரிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

மின்பழுதா, உள்ளே இரும்பின் பழுதா என்று பிரித்துச் சொல்ல வழி உண்டா?

உண்டு. அனுபவமுள்ள மெக்கானிக்குகள் செய்யும் எளிய சோதனை இது. எஞ்சினை அணைத்து, கியர்பாக்ஸுக்குப் போகும் சோலனாய்டு கப்ளரைக் கழற்றிவிட்டு, வண்டியை மெதுவாக ஓட்டிப் பார்ப்பது. இப்போது எந்தக் கட்டளையும் உள்ளே போகாது. வண்டி தன் பாதுகாப்புக் கியரில் புறப்பட்டு, ரிவர்ஸும் ஒழுங்காக விழுந்தால், பம்பும் அந்தக் கியர்களின் கிளட்சும் நலமாக இருக்கின்றன, மின்பக்கம் தேடலாம். பாதுகாப்புக் கியரே விழாமல் நழுவினாலோ வேறு கியரில் புறப்பட்டாலோ, ஆயிலைத் திருப்பிவிடும் வால்வுகள் அடங்கிய வால்வு பாடியிலோ அதற்கும் உள்ளேயோ பழுது. எல்லாப் புது வண்டிகளிலும் இது செல்லாது. சிலவற்றில் கணினியே கியர்பாக்ஸுக்குள் இருக்கிறது.

மின்பக்கம் என்று தெரிந்தபின் சோலனாய்டின் மின்தடையை அளக்கவேண்டும். திறந்து மூடும் வகைக்குப் பெரும்பாலும் 10 முதல் 25 ஓம், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வகைக்கு அதைவிடக் குறைவு, சில ஓம்கள்தான். சரியான எண் அந்த வண்டியின் பழுதுநீக்கு நூலில் இருக்கும். குளிரில் ஒருமுறை, சூட்டில் ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். மின்தடை சரியாக இருந்தும் சோலனாய்டு அழுக்கில் சிக்கி நகராமல் இருக்கலாம். 12 வோல்ட் கொடுத்தால் திறந்து மூடும் வகையில் "டிக்" சத்தம் கேட்கவேண்டும்.

என்னுடையது ஏஎம்டி. இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

கொஞ்சம்தான். ஏஎம்டி என்பது சாதாரணக் கையால் மாற்றும் கியர்பாக்ஸ். கிளட்சை மிதிக்கவும் லீவரைத் தள்ளவும் நமக்குப் பதில் ஆக்சுவேட்டர் என்னும் இயக்கும் கருவி வேலை செய்கிறது. ஒரே கியரில் நிற்பதற்குப் பேட்டரி சோர்வு, ஆக்சுவேட்டரில் ஆயில் குறைவு அல்லது கசிவு, கியர் நிலை சென்சார், தேய்ந்த கிளட்ச் ஆகியவை வழக்கமான காரணங்கள். ஹைட்ராலிக் ஆக்சுவேட்டர் உள்ள வண்டிகளில், நெடுநேரம் நின்ற பிறகு ஓட்டுநர் கதவைத் திறந்ததும் "விர்ர்" என்று பம்பு ஓடும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் வழக்கத்தைவிட நீண்டாலோ அடிக்கடி வந்தாலோ அழுத்தம் எங்கோ கசிகிறது. கேட்காமலே போனால் பம்பையும் அதன் ரிலேயையும் பாருங்கள். கிளட்ச் மாற்றினால் ஸ்கேனர் வைத்து, புதுக் கிளட்சின் அளவைக் கணினிக்குப் பழக்கவேண்டும். அதைச் செய்யாத பட்டறையிலிருந்து வரும் வண்டி மறுபடியும் மாட்டும்.

சிவிடி, இரட்டைக் கிளட்ச்?

சிவிடியில் கியரே கிடையாது. இரண்டு புல்லிகளுக்கு இடையே உலோகப் பட்டை ஓடுகிறது. மாட்டினால் ஒரே விகிதத்தில் நின்று, எஞ்சின் கத்தும் அளவுக்கு வேகம் ஏறாது. ஆயில், ஸ்கேனர் இரண்டும் முதலில். இரட்டைக் கிளட்சில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு கிளட்ச் ஒற்றைப்படைக் கியர்களையும் மற்றது இரட்டைப்படைக் கியர்களையும் சுமக்கின்றன. ஒரு பக்கம் கெட்டால் 1, 3, 5 மட்டும் விழும். அல்லது 2, 4, 6 மட்டும். அப்படி ஒன்றுவிட்டு ஒன்று தாவினால் மெக்காட்ரானிக் எனப்படும் கட்டுப்பாட்டுப் பெட்டியையோ அந்தக் கிளட்சையோ பார்க்கச் சொல்லுங்கள்.

கடலூரில் பழுதாகிவிட்டது. அப்படியே புதுச்சேரிவரை ஓட்டிப் போகலாமா?

லிம்ப் மோடில், நழுவாமல், வாடை இல்லாமல் ஓடுகிறது என்றால் இருபது கிலோமீட்டர் சொச்சம் போகலாம். நம் பக்கம் மேடு பள்ளம் இல்லாத சமவெளி என்பது ஒரு நன்மை. ஆனால் மூன்றாவது கியரில் நின்று நின்று புறப்படும்போது டார்க் கன்வர்ட்டரில் நழுவல் அதிகம். அந்த நழுவல் முழுவதும் ஆயிலில் சூடாக இறங்கும். ஆகவே கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஒவ்வொரு இடமும் நெரியும் மாலை நேரத்தில் வேண்டாம். விடியற்காலையில், சாலை காலியாக இருக்கும்போது, 40–50 கிலோமீட்டர் வேகத்தில் போங்கள். நடுவில் ஒருமுறை நிறுத்தி ஆறவிடுங்கள்.

எஞ்சின் சுழற்சி ஏறி வேகம் ஏறாமல் இருந்தால், கருகல் வாடை வந்தால், சூட்டு விளக்கு எரிந்தால் அங்கேயே ஓரம் கட்டுங்கள். முதல் கியரில் மாட்டியிருந்தாலும் ஓட்டவேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைவரை லிம்ப் மோடிலேயே போய்விடலாம் என்று யோசிப்பவர்களுக்கு என் பதில் ஒரே சொல்: கூடாது.

கயிறு கட்டி இழுத்துப் போகலாமா?

முன்சக்கரம் இழுக்கும் வண்டி என்றால் முன்சக்கரங்கள் இரண்டையும் தரையிலிருந்து தூக்கித்தான் இழுக்கவேண்டும். கியர்பாக்ஸுக்கு ஆயில் ஊட்டும் பம்பு எஞ்சின் ஓடினால்தான் ஓடும். எஞ்சின் அணைந்து சக்கரம் மட்டும் சுழன்றால் உள்ளே ஆயில் இல்லாமல் அரையும். நான்கு சக்கரமும் மேலேறும் பிளாட்பெட் வண்டி கிடைத்தால் கேள்வியே இல்லை.

பாக்ஸையே மாற்றவேண்டும் என்கிறார்கள். நம்பலாமா?

நான்கு காகிதங்களைக் கேளுங்கள்: கியர்பாக்ஸ் கணினியிலிருந்து எடுத்த பழுது எண்கள், பேட்டரி மற்றும் எர்த் அளவுகள், ஆயில் அழுத்தத்தைக் கேஜ் வைத்து அளந்த எண், அடித்தட்டில் கிடந்ததன் புகைப்படம். இந்த நான்கும் சேர்ந்து இரும்பின் பழுதைக் காட்டினால் நம்பலாம். ஒன்றுமில்லாமல் "அனுபவத்தில் சொல்கிறேன்" என்றால் வேறு இடத்தில் காட்டுங்கள். வால்வு பாடி மட்டும் மாற்றினால் தீருமா என்றும் கேளுங்கள். பல வண்டிகளில் அதைப் பாக்ஸை இறக்காமலே மாற்றலாம்.

சென்னை புதுப்பேட்டையில் பழைய பாக்ஸ் வாங்கிப் போடலாம் என்ற யோசனை வரும். பாகத்தின் எண் பொருந்தவேண்டும், கணினியோடு பழக்கிவிட ஆள் வேண்டும், அந்தப் பாக்ஸ் வெள்ளத்தில் நின்றதா என்று தெரியவேண்டும். மூன்றும் உறுதியானால் மட்டும் வாங்குங்கள். காப்பீட்டைப் பொறுத்தவரை, சாதாரணப் பாலிசி தேய்மானத்துக்கும் இயந்திரக் கோளாறுக்கும் பணம் தராது. வெள்ளச் சேதம் வேறு கணக்கு. எஞ்சின், கியர்பாக்ஸ் பாதுகாப்புக்கான கூடுதல் பிரிவு எடுத்திருக்கிறீர்களா என்று பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்.

சரிசெய்து கொடுத்துவிட்டார்கள். சரியாகிவிட்டது என்று எப்படி உறுதி செய்வது?

பட்டறை வாசலில் ஒரு சுற்று போதாது. எண்களை அழித்தபின், மெக்கானிக்கையும் உட்காரவைத்து, வண்டி நன்றாகச் சூடாகும்வரை ஓட்டுங்கள். நெரிசலில் ஊர்ந்தும், பிறகு திறந்த சாலையில் எல்லாக் கியரும் ஏறும்படியும் அரை மணி நேரமாவது போகவேண்டும். முன்பு பழுது எந்தச் சூழலில் வந்ததோ, அதே சூழலை உண்டாக்கிப் பாருங்கள். பேட்டரி கழற்றப்பட்டிருந்தாலோ கணினி பழக்கங்களை அழித்திருந்தாலோ முதல் சில நாட்கள் கியர் கொஞ்சம் உதறிக்கொண்டு விழும். அது தானாகச் சீராகும். திரும்பி வந்ததும், விளக்கு எரியாவிட்டாலும், ஸ்கேனரை இன்னொருமுறை போட்டு, காத்திருப்பில் ஏதாவது எண் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.